கூலி உயர்ந்தால் வேலை போய்விடுமா?



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. கூலி உயர்ந்தால் வேலை போய்விடுமா?

இது புதிய கேள்வி அல்ல. ஆலை வாசலில் தொழிலாளி கூலி உயர்வு கேட்டபோது இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். வயலில் கேட்டபோதும் இதைத்தான் சொன்னார்கள். தேயிலைத் தோட்டத்தில் கேட்டபோதும் இதைத்தான் சொன்னார்கள். "நீ கேட்பதைக் கொடுத்தால் நான் ஆள் குறைக்க வேண்டி வரும். பிறகு உனக்கு இருக்கிற வேலையும் போகும்." கேட்பவரின் வாயை அடைக்க இதைவிட வலிமையான பதில் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. ஏனென்றால் அதில் அக்கறையின் குரல் இருக்கிறது. உன் நன்மைக்காகத்தான் உனக்குக் கூட்டிக் கொடுக்கவில்லை என்கிற குரல் அது.

அந்தப் பதில் உண்மையா? எவ்வளவு உண்மை? எங்கே உண்மை, எங்கே பொய்? இதைக் கோபத்தோடு மட்டும் அணுகினால் போதாது. கணக்கோடும் அணுக வேண்டும். அதற்குத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்து வைப்போம். ஒரு பொருளின் விலை கூடினால் அதை வாங்குவோர் குறைவார்கள். உழைப்புக்கு நாம் கொடுக்கும் விலைதான் கூலி. ஆகவே சட்டம் போட்டுக் கூலியை உயர்த்தினால் முதலாளிகள் உழைப்பைக் குறைவாக வாங்குவார்கள். அதிலும் முதலில் வெளியே தள்ளப்படுவது யார்? படிப்புக் குறைந்தவர், அனுபவமில்லாத இளைஞர், வயதானவர். யாருக்கு உதவ நினைத்தீர்களோ அவர்களையே சட்டம் அடித்துவிடும். இதுதான் வாதம். 1946இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை எதிர்த்து இதை மிகத் தெளிவாக எழுதினார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற பெரிய அறிஞர் அவர். அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் காலம் கல்லூரிப் பாடநூல்களில் இது மறுக்க முடியாத விதியாகவே நின்றது.

விதி சரிதானா என்று யாராவது களத்தில் இறங்கிப் பார்த்தார்களா? பார்த்தார்கள். 1992 ஏப்ரல் 1ஆம் தேதி அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. எல்லைக்கு அப்பால் இருந்த பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரு பக்கமும் ஒரே மாதிரி ஊர்கள், ஒரே மாதிரி உணவகங்கள், ஒரே பொருளாதார நிலை. ஒரு பக்கம் மட்டும் கூலி உயர்ந்தது. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இந்த வாய்ப்பை விடவில்லை. இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களிடம் கூலி உயரும் முன்பு ஒருமுறையும், உயர்ந்து பல மாதம் கழித்து ஒருமுறையும் விசாரித்தார்கள். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? எத்தனை பேரை நிறுத்தினீர்கள்?

பாடநூல் விதிப்படி நியூ ஜெர்சியில் ஆட்கள் குறைந்திருக்க வேண்டும். குறைந்தார்களா? இல்லை. பக்கத்து மாநிலத்தோடு ஒப்பிட்டால் வேலைவாய்ப்பு குறைந்ததற்கான அடையாளமே இல்லை.

1994இல் அந்த ஆய்வு வெளியானதும் பெரும் சண்டை மூண்டது. டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் என்ற வேறு இரு பொருளியலாளர்கள் உணவகங்களின் சம்பளப் பதிவேடுகளைத் திரட்டி, முடிவு தவறு என்று வாதாடினார்கள். கார்டும் க்ரூகரும் அரசின் வேலைவாய்ப்புப் பதிவுகளைக் கொண்டு மறுபடி கணக்கிட்டு, பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்று 2000இல் பதில் சொன்னார்கள். விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் ஒன்று நடந்துவிட்டது. கேள்வியே கேட்கக் கூடாத விதி என்ற இடத்திலிருந்து அந்தப் பாடநூல் வாதம் இறங்கிவிட்டது. 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு வந்தது. க்ரூகர் 2019லேயே காலமாகிவிட்டார்.

ஜெர்மனியில் 2015 ஜனவரி 1 முதல் மணிக்கு 8.50 யூரோ என்று நாடு முழுமைக்கும் குறைந்தபட்சக் கூலி வந்தது. பல லட்சம் வேலைகள் அழியும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். அழிந்தனவா? இல்லை. அடிமட்டத் தொழிலாளர் பலர் சிறிய, குறைவாகக் கொடுக்கும் நிறுவனங்களிலிருந்து பெரிய, கூடுதலாகக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு மாறிப் போனார்கள் என்பதைத்தான் பின்னாளில் ஆய்வுகள் கண்டன.

விலை கூடினால் வாங்குவோர் குறைவார்கள் என்ற விதி இங்கே ஏன் நடக்கவில்லை? இதுதான் இந்த உரையின் மையமான இடம். தயவுசெய்து கவனியுங்கள்.

அந்த விதி ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. சந்தையில் நூற்றுக்கணக்கான முதலாளிகள் போட்டி போடுகிறார்கள், ஒருவர் பத்து ரூபாய் குறைத்தால் தொழிலாளி அன்றே அடுத்தவரிடம் போய்விடுவார் என்ற அனுமானம் அது. வாழ்க்கை அப்படியா இருக்கிறது? குழந்தையை ஊரில் விட்டு வந்த பெண், இரவு ஷிப்டு முடிந்து வேறு வேலை தேடி எங்கே போவார்? முன்பணம் வாங்கிச் செங்கல் சூளைக்கு வந்த குடும்பம், அந்தக் கணக்குத் தீராமல் எங்கே போகும்? போக முடியாதவரிடம் பேரம் பேசும் முதலாளிக்குக் கூலியைத் தானே தீர்மானிக்கும் அதிகாரம் வந்துவிடுகிறது. 1933இலேயே ஜோன் ராபின்சன் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் இந்த நிலையை விளக்கி எழுதினார். வாங்குவோர் முற்றுரிமை என்று பொருளியல் அதைச் சொல்கிறது.

இதை ஒரு சிறு கணக்காகச் சொல்கிறேன். ஒரு பட்டறையில் பத்துப் பேர் நாளுக்கு 500 ரூபாய்க்கு வேலை செய்கிறார்கள். பதினோராவது ஆள் வேண்டும். அவர் 550 ரூபாய்க்குக் குறைந்து வர மாட்டார். அவருக்கு 550 கொடுத்தால் மற்றப் பத்துப் பேரும் சும்மா இருப்பார்களா? அவர்களுக்கும் ஐம்பது ஐம்பது கூட்ட வேண்டும். ஆக, பதினோராவது ஆளால் முதலாளிக்கு வரும் செலவு 550 அல்ல. 550ம், பத்துப் பேருக்கான 500ம் சேர்த்து 1,050 ரூபாய். "வேண்டாம், பத்துப் பேரை வைத்தே ஓட்டுவோம்" என்று அவர் முடிவெடுக்கிறார். இப்போது சட்டம் வந்து, எல்லோருக்கும் 550 கொடு என்கிறது. பத்துப் பேருக்கும் எப்படியும் 550 கொடுத்தாக வேண்டும். இனி பதினோராவது ஆளுக்கு ஆகும் கூடுதல் செலவு வெறும் 550 மட்டும்தான். அந்த ஆளின் வேலையால் 700 ரூபாய் வருமானம் வரும் என்றால் அவரைச் சேர்த்துக்கொள்வதுதான் லாபம். கூலியும் கூடியது. வேலையும் கூடியது.

இது மாயவித்தை அல்ல, கணக்கு. சட்டத்தை எதிர்த்து எழுதிய அந்த ஸ்டிக்லரே, முதலாளி கூலியைத் தீர்மானிக்கும் நிலையில் இருந்தால் சரியாக வகுத்த குறைந்தபட்சக் கூலி வேலையையும் உயர்த்தக்கூடும் என்பதை அதே கட்டுரையில் ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்ட நிலை அரிது என்று அவர் நினைத்தார். அரிதா?

இலங்கையின் மலையகத்துக்கு வாருங்கள். நம் மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து போன மக்கள் வளர்த்த காபித் தோட்டங்கள், பிறகு தேயிலைத் தோட்டங்கள். அங்கே ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கையில் துண்டு வேண்டும். அவர் கங்காணிக்குப் பட்டிருக்கும் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. அந்தக் கடனை அடைக்கப் புதிய தோட்டம் முன்வந்தால்தான் அவர் நகர முடியும். இல்லாவிட்டால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். 1921இல்தான் இந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1948இல் குடியுரிமை பறிபோனது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போனது. குடியிருக்கும் லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். பிள்ளை பிறந்ததும் தோட்டத்தில், படித்ததும் தோட்டத்தில். இப்படிப்பட்ட இடத்தில் கூலியைச் சந்தை தீர்மானித்தது என்று எந்தப் பொருளியல் சொல்லும்?

நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்பது அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் எழுப்பிய கோரிக்கை. 2019இல் கூட்டு ஒப்பந்தத்தில் கிடைத்த அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். 2021இல்தான் சம்பள நிர்ணயச் சபை வழியாக 900 ரூபாய் அடிப்படையும் 100 ரூபாய் படியுமாக ஆயிரம் வந்தது. வந்த மறு ஆண்டே நாட்டைப் பொருளாதார நெருக்கடி விழுங்கியது. பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. பல ஆண்டு கேட்டுப் பெற்ற ஆயிரத்தை ஒரே ஆண்டில் அரிசியும் மாவும் தின்றுவிட்டன. 2024 மே மாதம் 1,700 ரூபாய் என்று அரசு அறிவித்தது. தோட்ட நிறுவனங்கள் நீதிமன்றம் சென்று தடை வாங்கின. செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று வந்து நின்றது. இந்தச் சம்பளமும் நிறுவனம் குறிக்கும் கிலோ அளவுக்குக் கொழுந்து பறித்தால்தான். அளவு குறைந்தால் அரைப் பெயர், அதாவது அரை நாள் சம்பளம்தான். சட்டத்தில் எழுதிய கூலி வேறு, கைக்கு வரும் கூலி வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் மண்ணுக்கு வருவோம். கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். சங்கம் வைத்தார்கள். 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீயில் கருகின. பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. நண்பர்களே, தேவையும் வழங்கலும் சந்திக்கும் புள்ளியில் கூலி முடிவாகிறது என்று பாடநூல் சொல்கிறது. வெண்மணியில் கூலி எந்தப் புள்ளியில் முடிவாகவிருந்தது? நிலம் யாரிடம், துப்பாக்கி யாரிடம், சாதி ஆதிக்கம் யாரிடம், காவல் நிலையம் யார் பேச்சைக் கேட்கும் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கூலியைத் தீர்மானித்தன. அதற்குப் பிறகுதான் அங்கே விவசாயத் தொழிலாளர் பிரச்சினையை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அரைப்படி நெல்லுக்கு 44 உயிர் விலையான பிறகே சட்டம் அந்த வயலில் கால் வைத்தது.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். கூலி என்பது விலை மட்டும் அல்ல. பேரம் பேசும் பலத்தின் அளவும் அதுவே. பலம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது சந்தை நியாயமான கூலியைத் தராது. சாய்ந்ததை நிமிர்த்தச் சட்டம் வேண்டும், சங்கம் வேண்டும். 1918 ஏப்ரல் 27 அன்று இந்தச் சென்னையில் பி.பி. வாடியாவும் செல்வபதி செட்டியாரும் திரு.வி.க.வும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியது அதற்காகத்தான்.

அப்படியானால் கூலியை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்திவிடலாமா? கூடாது. இதை நான் மறைக்க மாட்டேன். மறைத்தால் நம் வாதத்தின் மதிப்புப் போய்விடும்.

1938இல் அமெரிக்கா மணிக்கு 25 சென்ட் என்று முதல் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியைக் கொண்டுவந்தது. பெருநிலத்தில் அது தாங்கக்கூடிய தொகை. அதே 25 சென்டை ஏழைத் தீவான போர்ட்டோ ரிக்கோவுக்கும் அப்படியே நீட்டினார்கள். அங்கே பெண்கள் வீட்டிலிருந்து செய்த தையல், எம்பிராய்டரி வேலைக்குக் கிடைத்த கூலி அதைவிட மிகக் குறைவு. என்ன ஆயிற்று? வேலைகள் பெருமளவில் பறிபோயின. 1940இல் சட்டத்தைத் திருத்தித் தொழிலுக்குத் தொழில் வேறு வீதம் வைக்க வேண்டி வந்தது. 2019இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. குறைந்தபட்சக் கூலியை 2025க்குள் 15 டாலராக்கினால் 1 கோடியே 70 லட்சம் பேருக்கு நேரடியாகச் சம்பளம் உயரும், 13 லட்சம் பேர் வறுமையிலிருந்து மீள்வார்கள், ஆனால் இடைநிலைக் கணிப்பில் 13 லட்சம் வேலைகள் குறையக்கூடும் என்றது.

இதிலிருந்து என்ன கற்கிறோம்? அளவு முக்கியம். இடம் முக்கியம். படிப்படியாக உயர்த்துவது முக்கியம். கூலி உயர்ந்தால் வேலை போகவே போகாது என்று சொல்பவரும் தவறு. கூலி உயர்ந்தாலே வேலை போய்விடும் என்று சொல்பவரும் தவறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய இடம் இருக்கிறது. அந்த இடத்தில் நம் நாட்டுத் தொழிலாளி நிற்கிறாரா, அதற்கும் கீழே நிற்கிறாரா? அதைக் கேட்போம்.

1957இல் டெல்லியில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு கணக்குப் போட்டது. முதலாளி, தொழிலாளி, அரசு மூவரும் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட கணக்கு. ஒருவருக்கு நாளுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, இவற்றோடு எரிபொருள், விளக்கு போன்ற பிற செலவுகளுக்கு மொத்தத்தில் 20 சதவீதம். குடும்பம் என்றால் மூன்று நுகர்வு அலகு. ஆணுக்கு ஒன்று, மனைவிக்கு 0.8, இரண்டு குழந்தைகளுக்குத் தலா 0.6. கூட்டிப் பாருங்கள், மூன்று வரும். வயதான தாய் தந்தைக்கு அதில் இடமில்லை. வயலில் நாற்று நட்டு, வீட்டிலும் உழைக்கும் பெண்ணின் பசி ஆணின் பசியில் பத்தில் எட்டுப் பங்கு என்று அந்தக் கணக்குச் சொல்கிறது. அது நியாயமா? கூடியிருக்கும் தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் கணக்கிலும் பள்ளிக் கட்டணம் இல்லை, மருத்துவம் இல்லை. 1991இல் உச்ச நீதிமன்றம் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில், பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை, திருமணம், முதுமை ஆகியவற்றுக்காக மேலும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குறைந்தபட்சக் கூலி என்பது உயிரைப் பிடித்து வைப்பதற்கு மட்டுமல்ல, தொழிலாளியின் குடும்பம் மனிதராக வாழ்வதற்கும் என்பது அந்தத் தீர்ப்பின் பொருள்.

இந்த அளவுகோலை வைத்து நம் நாட்டை அளந்து பார்ப்போம். மத்திய அரசே அமைத்த அனூப் சத்பதி தலைமையிலான வல்லுநர் குழு, 2019இல் தந்த அறிக்கையில், 2018ஆம் ஆண்டு விலைவாசியில் தேசியக் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 375 ரூபாய் இருக்க வேண்டும் என்றது. அப்போது நடப்பில் இருந்த தேசிய அடித்தளக் கூலி 176 ரூபாய். குழு சொன்ன தொகையில் பாதிகூட இல்லை. அறிக்கை வந்த பிறகு அரசு எவ்வளவு உயர்த்தியது? இரண்டு ரூபாய். 176 என்பது 178 ஆயிற்று.

இரண்டு ரூபாய், நண்பர்களே. அதே நாட்டில் 2022-23இல் மேல்தட்டு ஒரு சதவீதத்தினர் நாட்டின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதத்தையும், செல்வத்தில் 40.1 சதவீதத்தையும் வைத்திருந்தார்கள் என்று உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் பொருளியலாளர்கள் கணக்கிட்டார்கள். மேலே இவ்வளவு குவியும் நாட்டில், கீழே இரண்டு ரூபாய்க்கு மேல் உயர்த்தினால் பொருளாதாரம் தாங்காது என்றால் அதை நாம் நம்ப வேண்டுமா? போர்ட்டோ ரிக்கோவின் எச்சரிக்கை, தாங்கும் அளவைத் தாண்டியவர்களுக்கு. நாமோ வல்லுநர் குழு வகுத்த அளவில் பாதிக்கும் கீழே நின்றோம்.

அடுத்து, எழுதிய கூலியாவது கைக்கு வருகிறதா? 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அட்டவணையில் இருக்கும் வேலைகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கூலியைத் திருத்த வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நடந்ததா? தமிழ்நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் வேலை செய்வோருக்கு 2014இல் அரசு அறிவித்த உயர்வை எதிர்த்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் உயர்வு செல்லும் என்று தீர்ப்பளித்த பிறகுதான் அவர்களுக்கு வழி பிறந்தது. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி தெளிவாகச் சொன்னார்: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு. அதாவது கொத்தடிமைத்தனத்தின் வரிசையில் வைக்கத்தக்க குற்றம். இந்தத் தீர்ப்பு எத்தனை காண்ட்ராக்டர்களின் காதில் விழுந்திருக்கிறது?

2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு, அட்டவணை என்ற வேலியை நீக்கி எல்லா வேலைகளுக்கும் குறைந்தபட்சக் கூலியை விரித்திருக்கிறது. அடித்தளக் கூலி என்பதற்குச் சட்ட வலு கொடுத்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்த விரிவை நான் வரவேற்கிறேன். ஆனால் சட்டம் எவ்வளவு விரிந்தாலும் அதன் மதிப்பு இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. அடித்தளக் கூலியாக என்ன தொகையை எழுதுகிறார்கள் என்பது ஒன்று. அதைப் பார்வையிட ஆய்வாளர் வருகிறாரா என்பது இன்னொன்று.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து கேட்கலாம். ஐயா, நம் நாட்டில் உழைப்போரில் பாதிக்கு மேல் சுயதொழில் செய்வோர் ஆயிற்றே, தள்ளுவண்டிக்காரருக்கும் சொந்த நிலத்தில் பாடுபடுபவருக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என்ன செய்யும்? நல்ல கேள்வி. சட்டம் மட்டும் எல்லோரையும் எட்டாது. போக்கிடம் வேண்டும். "இந்தக் கூலிக்கு வர மாட்டேன், எனக்கு வேறு வழி இருக்கிறது" என்று சொல்லும் துணிவு வேண்டும்.

அந்தத் துணிவைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தது எது? நாம் நூறு நாள் வேலை என்று அழைத்த திட்டம். 2005இல் சட்டமாகி, 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008இல் நாடு முழுவதும் பரவியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. "நூறு நாள் வேலை வந்ததிலிருந்து வயலுக்கு ஆள் கிடைப்பதில்லை" என்ற பேச்சை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சின் மறுபக்கத்தைப் பாருங்கள். ஆள் கிடைக்காததால் வயலில் கூலி கூடியது. ஒன்றாயிருந்த ஆந்திரப் பிரதேசத்தில் 157 மண்டலங்களை எடுத்துக்கொண்டு, இந்தத் திட்டத்தின் பணம் ஒழுங்காகக் கைக்குச் சேரும்படி செய்தால் என்ன நடக்கும் என்று கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். பயனாளிக் குடும்பங்களின் வருமானம் 14 சதவீதம் உயர்ந்தது. அந்த உயர்வில் 86 சதவீதம் திட்டத்தின் சம்பளத்திலிருந்து வரவில்லை. வெளியே தனியாரிடம் கிடைத்த கூடுதல் கூலியிலிருந்தும் கூடுதல் வேலையிலிருந்தும் வந்தது.

கூடுதல் வேலை என்று சொன்னேன், கவனித்தீர்களா? கூலி உயர்ந்தது, வேலை குறையவில்லை, கூடியது. அதிலும் நிலம் சிலர் கையில் குவிந்திருந்த கிராமங்களில் வேலை அதிகமாகக் கூடியது. பதினோராவது ஆளின் கணக்கு நினைவிருக்கிறதா? அந்தக் கணக்கு ஆந்திரத்து வயலில் நடந்தே காட்டிவிட்டது.

இங்கே அமர்ந்திருக்கும் சிறுதொழில் நடத்துவோரே, உங்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் சுமை எனக்குத் தெரியும். பெரிய நிறுவனம் ஆர்டர் கொடுக்கும்போது விலையை நெருக்குகிறது. பணம் மூன்று மாதம் கழித்து வருகிறது. மின்கட்டணமும் வட்டியும் காத்திருப்பதில்லை. குறைக்க முடிந்த ஒரே செலவு கூலி என்று தோன்றுகிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள். நீங்கள் சட்டப்படி கொடுக்கிறீர்கள், பக்கத்துப் பட்டறைக்காரர் கொடுக்காமல் ஏமாற்றுகிறார் என்றால் அடிபடுவது யார்? நீங்கள். எல்லோருக்கும் ஒரே அடித்தளம் இருந்தால், அது எல்லோர் மீதும் கண்டிப்பாகச் செயல்பட்டால், நேர்மையாகத் தொழில் செய்பவருக்குத்தான் அது பாதுகாப்பு. உங்களை நெருக்கும் பெரிய நிறுவனத்திடம் "கூலி இவ்வளவு, அதற்குக் கீழே சட்டம் விடாது, விலையை உயர்த்துங்கள்" என்று சொல்ல உங்களுக்கும் ஓர் ஆதாரம் கிடைக்கும்.

கூடுதல் கூலி முதலுக்கு நட்டம் மட்டுமா? 1913இல் ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க ஓராண்டில் 50,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் தங்கவில்லை. 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு எட்டு மணி நேர வேலைக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார். முன்பிருந்ததைப் போல் இரு மடங்கு. ஆட்கள் தங்கினார்கள், உற்பத்தி பெருகியது. அவர் அதைத் தருமமாகச் செய்யவில்லை, கணக்கறிந்து செய்தார். இன்று ஆள் நிற்கவில்லை, வட மாநிலத்திலிருந்து வருபவரும் நான்கு மாதத்தில் போய்விடுகிறார் என்று வருந்தும் நம் ஊர்த் தொழில் நடத்துவோர் எல்லோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

பொருளியல் மாணவர்களே, பாடநூலின் முதல் வரைபடத்தோடு நின்றுவிடாதீர்கள். தேவைக் கோடும் வழங்கல் கோடும் வெட்டும் இடத்தைக் குறித்துவிட்டு, அந்தக் கோட்டின் இரு முனையிலும் யார் நிற்கிறார்கள், யாருக்குப் போக்கிடம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கேளுங்கள். கார்டும் க்ரூகரும் செய்தது அதைத்தான். உணவகத்துக்குப் போய்க் கேட்டார்கள். நீங்கள் திருப்பூருக்குப் போய்க் கேளுங்கள். சிவகாசிக்குப் போய்க் கேளுங்கள். உங்கள் கல்லூரி விடுதியில் சமைப்பவரிடமும் வளாகத்தைப் பெருக்குபவரிடமும் முதலில் கேளுங்கள்.

தொழிற்சங்கத் தோழர்களே, நிரந்தரத் தொழிலாளரின் போனஸ் பேச்சுவார்த்தையோடு சங்கத்தின் வேலை முடிந்துவிடவில்லை. அதே வாசல் வழியாக வேறு அடையாள அட்டையோடு நுழையும் ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு உண்டா? பி.எஃப். கட்டுகிறார்களா? இ.எஸ்.ஐ. உண்டா? வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு உங்கள் சங்கத்தில் இடம் உண்டா? பேரம் பேசும் பலம் இல்லாதவரிடம் பலத்தைக் கொண்டு சேர்ப்பதுதான் சங்கத்தின் பிறப்புக் காரணம்.

அரசுக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, அடித்தளக் கூலியை வல்லுநர் குழு வகுத்த அறிவியல் கணக்கின்படி இன்றைய விலைவாசியில் அறிவியுங்கள். பெண்ணை முழு அலகாக எண்ணுங்கள், முதிய பெற்றோரையும் சேருங்கள். இரண்டு, ஆண்டுக்கு இருமுறை பஞ்சப்படி தானாக உயரட்டும்; ஐந்தாண்டுத் திருத்தம் நீதிமன்ற வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம். மூன்று, தொழிலாளர் துறையில் காலிப் பணியிடங்களை நிரப்பி, ஆய்வாளரை நேரில் அனுப்புங்கள். முன்னறிவிப்புக் கொடுத்துப் போகும் ஆய்வு ஆய்வே அல்ல. நான்கு, கிராமத்தில் வேலை உரிமையைச் சுருக்காதீர்கள். கூலியைப் பதினைந்து நாளுக்குள் கொடுத்துவிடுங்கள்.

கூலி உயர்ந்தால் வேலை போய்விடுமா? அளவறியாமல், இடமறியாமல், ஒரே பாய்ச்சலில் உயர்த்தினால் போகக்கூடும். நம் நாட்டில் இன்று கீழ்த்தட்டு உழைப்பாளி வாங்கும் கூலியை நியாயமான அளவுக்கு உயர்த்தினால் பெருமளவில் போகாது. இதுவே நான் படித்த ஆய்வுகளும் நான் அறிந்த வரலாறும் எனக்குச் சொல்லும் முடிவு. ஆகவே, நாளை முதல் உங்கள் வீட்டில், உங்கள் கடையில், உங்கள் அலுவலகத்தில் வேலை செய்பவருக்குச் சட்டம் சொல்லும் கூலி எவ்வளவு என்று தேடித் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குக் குறையாமல் கொடுங்கள். கொடுக்காதவரைக் கேளுங்கள்.